சரிவுத் தட்டு

மார்ச் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

நானும் அப்பாவும் நலம். உன் யோசனைக்கு மோட்டார் தொழிற்சாலையில் முதல் பரிசு என்று படித்ததும், அப்பா உன் கடிதத்தை எதிர்வீட்டு மாமாவுக்கும் வாசித்துக் காட்டினார். தட்டைச் சரிவாக வைத்தால் திருகுகள் தாமாகவே கைக்கு வழுக்கி வருமென்று இத்தனை நாள் யாருக்கும் தோன்றவில்லையே. ஆனால் தமிழ்ப் புத்தாண்டு விடுமுறைக்கு வரவில்லை என்பதை மட்டும் ஒரே வரியில் முடித்துவிட்டாய். "உங்கம்மா அங்க மோட்டாரோட குடித்தனம் பண்றா" என்கிறார் அப்பா.

ஏதாவது பழுது வந்தால் ஐந்து முறை 'ஏன்' கேட்க வேண்டும், முதல் பதிலோடு நிற்கக் கூடாது என்று தொழிற்சாலையில் உங்களுக்குச் சொல்லித்தந்ததை நீதான் எழுதியிருந்தாய். ஆகவே முதல் ஏன்: ஏன் வரவில்லை?

உன் மகள்

மார்ச் 11

கண்ணு,

விடுப்பு கிடைக்கவில்லை. பரீட்சைக்குப் படி. அப்பா மாத்திரை போடுகிறாரா என்று பார்த்துக்கொள்.

அம்மா

மார்ச் 15

அன்புள்ள அம்மாவுக்கு,

போடுகிறார், முணுமுணுத்துக்கொண்டே.

விடுப்பு ஏன் கிடைக்கவில்லை? நீ கேட்கவே இல்லையென்றால், ஏன் கேட்கவில்லை? அதற்கு ஒரு காரணம் சொல்வாய், அது ஏன்? அதற்கும் பின்னால் இருப்பது ஏன்? மீதி நான்கையும் சேர்த்தே கேட்டுவிட்டேன், தபால்காரருக்கு நடை மிச்சம். பதில் வரும்வரை, என்மேல் ஏதோ கோபம் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பேன்.

உன் மகள்

மார்ச் 23

கண்ணு,

உன்மேல் எனக்கென்ன கோபம். நான் விடுப்பு கேட்கவே இல்லை.

என் அறையில் தங்கியிருக்கும் அக்காவுக்கு, எல்லா மேசைக்கும் திருகு கொண்டுவந்து கொடுப்பதுதான் வேலை. என் தட்டில் ஒரு நாளுக்கு வேண்டிய திருகைக் காலையிலேயே மொத்தமாகக் கொட்டிவிடலாம் என்றானதும் அந்த வேலை இல்லாமல் போயிற்று. யோசனையை எழுதிப் போட்டபோது இது எனக்கு உறைக்கவில்லை. என் படத்தைப் பலகையில் ஒட்டிய அன்று, "போட்டோ நல்லா இருக்குடி. என்னைத்தான் காணோம்" என்று சிரித்தார்.

மேலாளரிடம் போய் நின்றேன். அடுத்த மாதக் கடைசிக்குள் அக்கா மோட்டார் சோதிக்கக் கற்றுக்கொண்டால் அந்த வேலையில் போடுவதாகச் சொன்னார். வேலை முடிந்ததும் தினமும் நான்தான் சொல்லித்தருகிறேன். நான் ஊருக்குக் கிளம்பினால், அக்கா வேலையில்லாமல் வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

இதை உனக்கு எழுத வெட்கமாக இருந்தது. பரிசு வாங்கிய அம்மாவாகவே உனக்குத் தெரியட்டும் என்று இருந்துவிட்டேன்.

அம்மா

மார்ச் 27

அன்புள்ள அம்மாவுக்கு,

வராதே. இப்படி எழுதிவிட்டுக் கொஞ்சம் அழுதேன், அதை மறைக்கவில்லை.

பெரியம்மாவுக்காக என் அறிவியல் புத்தகத்திலிருந்து மின்னோட்டப் பாடத்தைப் படங்களோடு ஒன்பது பக்கம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். எங்கே புரியவில்லையோ அங்கே கோடு போட்டுத் திருப்பி அனுப்பச் சொல். தயங்க வேண்டாம் என்றும் சொல். அந்த இடத்தை வேறு மாதிரி எழுதிப் பார்க்கிறேன்.

உன் மகள்