வாப்பா எழுதிய பரீட்சை

காக்கா,

போனில் பேசினால் வாப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அதனால்தான் துபாய்க்கு இதை எழுதுகிறேன். இங்கே காயல்பட்டினத்தில் எல்லோரும் சுகம்.

அடுத்த வாரம் எனக்கு நரம்பியல், மனநலத் தேர்வு. நோயாளியைச் சோதிக்கும் முறையைப் போன வருடம் போலவே வாப்பாவிடம்தான் பழகுகிறேன். மூன்று சொற்களைச் சொல்லிவிட்டு, வேறு ஏதாவது பேசி, ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பக் கேட்க வேண்டும். போன வருடம் மூன்றையும் தலைகீழாகச் சொல்லிக் காட்டினார். இந்தத் தடவை ஒன்றுகூட வரவில்லை. வேண்டுமென்றே நடிக்கிறார் என்று நானும் உம்மாவும் சிரித்தோம்.

“நாளைக்கு நல்லாப் படிச்சிட்டு வாரேன், டாக்டரம்மா” என்றார்.

நேற்று அவரே என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். நான் சொற்களைச் சொன்னதும், கண்ணாடியை எடுத்து வருவதாகச் சொல்லி உள்ளே போனார். திரும்பி வந்து, “கப்பல், எலுமிச்சை, சாவி” என்று தடுமாறாமல் சொன்னார். சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்தேன்.

உள்ளங்கையில் மூன்றையும் பேனாவால் எழுதியிருந்தார். மை இன்னும் காயவில்லை.

அதற்கு மேலே, வியர்வையில் பாதி அழிந்து, காலையிலேயே எழுதியதுபோல் என் பெயர் இருந்தது. பக்கத்தில் ‘மகள்’ என்று.

பெருநாளுக்குத்தான் வருவேன் என்று சொல்லாதீர்கள், காக்கா.

உங்கள் தங்கை