ஒரே ஃபில்டர் போதும்

ஆரணி

அன்பு மகள் சுபலட்சுமிக்கு அப்பா பரசுராமன் சொல்லச் சொல்ல, உன் அண்ணி கீதா எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் குறையில்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் அம்மாவும் உடம்பால் சுகம், மனசால் நான் சுகமில்லை. போனில் பேசினால் நீ அழுவாய், நான் பாதியில் வைத்துவிடுவேன், நேற்று அப்படித்தான் ஆனது, அதனால்தான் கடிதம். எனக்கு எழுதத் தெரிந்திருந்தால் உன் அண்ணியை உட்கார வைத்திருக்க மாட்டேன், இதில் அவளைத் திட்டுவதும் வரும். ஒரு வார்த்தையும் விழுங்காமல் எழுது என்று சொல்லியிருக்கிறேன். எழுதிக்கொண்டுதான் இருக்கிறாள், முகம்தான் உம்மென்று இருக்கிறது.

குடிதண்ணீரைச் சுத்தம் பண்ண கரண்டில் ஓடும் மெஷின் வேண்டாம், கரண்ட் போனால் தண்ணீரும் போய்விடும், பாதியைச் சாக்கடைக்கு வேறு விடும், மேலே ஊற்றினால் தானாகச் சொட்டிக் கீழே இறங்குகிற ஸ்டீல் ஃபில்டர்தான் நல்லது என்று நீ சொன்னாய், நானும் சரியென்றேன். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாய். உன் அண்ணன் சந்திரமோகன் நாலு பேர் என்றான். நாலு பேருக்கு ஏற்ற மாதிரி அனுப்பிவிட்டாய். விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை நம் வீட்டுத் தறியில் உட்காரும் பாஞ்சாலைக்கும் அன்பரசுவுக்கும் தாகம் எடுக்காதா? அவன் சொன்னான் சரி, நீ இந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள், உனக்குமா அவர்கள் ஞாபகம் வரவில்லை?

அது சொட்டிச் சொட்டி நிறைவதற்குள் காலியாகிவிடுகிறது என்று உன் அண்ணி அதைச் சமையலறைக்குள் கொண்டுபோய்விட்டு, தறி அறையில் ஒரு பிளாஸ்டிக் குடத்தில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து வைத்தாள். அந்தக் குடத்தைத் தினமும் பார்த்தேன், அதிலும் ஃபில்டர் தண்ணீர்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாஞ்சாலைக்குக் கண்ணெல்லாம் மஞ்சளாகிப் போனது. உன் அண்ணனுக்குத் தறியில் பாதிச் சேலை நிற்கிற கவலை, அதனால் பெரியாஸ்பத்திரிக்கு நான்தான் அவளை ஆட்டோவில் கூட்டிப்போனேன். காமாலை என்று சொன்ன டாக்டரம்மா எங்கே தண்ணீர் குடிக்கிறாய் என்று கேட்டார். பாஞ்சாலை, "வேலை செய்யற வூட்லதாங்க" என்றாள். அந்தம்மா என் பக்கம் திரும்பி, "உங்க வூட்ல ஃபில்டர் இல்லீங்களா?" என்றார். இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாஞ்சாலைக்குத் தெரியும் இருக்கிறதென்று. அவளும் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தத் தண்ணீரால்தான் வந்தது என்று நான் சத்தியம் பண்ணவில்லை. என் கோபம் அதோடு போயிருக்கும், உன் பேச்சுதான் அதைக் கிளறிவிட்டது. இதையெல்லாம் நேற்று உன்னிடம் சொன்னால் நீ என்ன சொன்னாய்? "அவங்களுக்குத் தனியா சின்னதா ஒண்ணு அனுப்பிடட்டுமாப்பா?" இந்தத் தனியா என்கிற பேச்சை எங்கே கற்றாய்? எனக்கு எழுத்துதான் தெரியாது, மறதி கிடையாது. கூலிக்கு நெய்த காலத்தில் தறிக்குப் பாவு நூல் வாங்க முதலாளி வீட்டுக்குப் போவேன். தாகமென்றால் அந்த வீட்டம்மா வாசற்படியில் நின்று செம்பை உயரத் தூக்கி ஊற்றும், நான் கீழே நின்று கையேந்திக் குடிப்பேன், முழங்கை வழியாக ஒழுகி வேட்டி நனையும். பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட கை. தண்ணீர் நல்ல தண்ணீர்தான், சுபா. அதில் ஒரு குறையும் இல்லை.

நேற்றே ஃபில்டரைத் தூக்கித் தறி அறை ஜன்னலோரம் முக்காலியில் வைத்துவிட்டேன். யாருக்குத் தாகமோ அங்கே வரட்டும். டாக்டரம்மா சொன்னபடி அம்மா தண்ணீரைக் காய்ச்சி ஆற்றித்தான் மேலே ஊற்றுகிறாள், அங்கேயே குடிக்கிறாள். உன் அண்ணன் ரோஷத்தில் கேன் தண்ணீர் வாங்கிவந்து சமையலறையில் வைத்தான். அவனும் இவளும் அதைத்தான் குடிக்கிறார்கள்.

நீ செய்ய வேண்டியது, பெரிதாக ஒன்று பார். வீட்டில் ஆறு பேர் என்று சொல்லி வாங்கு. உள்ளே தண்ணீரை வடிகட்டும் கேண்டில் கூடுதலாகப் போட்டதாக, குழாய்க்குக் கீழே சொம்பு நிற்கிற உயரமாக இருக்கட்டும். இப்போதிருப்பதை எடுத்துக்கொண்டுபோய்ப் பாஞ்சாலை வீட்டில் வைத்துவிடுவேன். இந்த வீட்டில் இரண்டு இருந்தால் ஒன்று உள்ளே போகும், ஒன்று வெளியே நிற்கும். பாஞ்சாலை தேறி வேலைக்கு வருவதற்குள் புதியது வந்துவிட வேண்டும்.

இவ்வளவும் எழுதிய உன் அண்ணி பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனாள். கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். தறி அறையில் அன்பரசு குடித்து வைத்த டம்ளரைக் கழுவி, அதிலேயே ஃபில்டர் தண்ணீரைப் பிடித்துக் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். கழுவட்டும், நானும் கழுவித்தான் குடிக்கிறேன். இதை எதுக்கு மாமா எழுதணும் என்கிறாள். எழுது என்றேன்.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வயது நன்றாக இருங்கள். ஆறு பேர், மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா பரசுராமன்
(இடது பெருவிரல் ரேகை)