முதுகுக்கு ஒரு வேண்டுதல்

தம்பிக்கு,

முதுகு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். தையல் ஆறிவிட்டது. எலும்பு நன்றாகச் சேர்ந்திருக்கிறது, பயத்தில்தான் விறைத்துக்கொள்கிறீர்கள், தைரியமாக நடங்கள் என்கிறார் டாக்டர்.

நடக்கலாம்தான். ஆனால் எனக்குக் குணமானதும் என்னைக் கோயிலில் அங்கப்பிரதட்சணம் செய்யவைப்பதாக உன் அண்ணி வேண்டிக்கொண்டிருக்கிறாள். அறுத்துத் தைத்த முதுகோடு கல்தரையில் உருள வேண்டும். அதனால் அவள் எதிரில் சுவரைப் பிடித்தே நடக்கிறேன். "வலி கம்மியாச்சா?" என்று கேட்டால் "ஜாஸ்தியாத்தான் இருக்கு" என்கிறேன். இப்போது நிஜமாகவே ஜாஸ்தியாகிவிட்டது.

பார்க்க வருகிறவர்கள், இதே ஆபரேஷன் செய்து படுத்த படுக்கையானவர்களின் கதையைச் சொல்கிறார்கள். கிளம்பும்போது "உங்க தம்பி வந்துட்டுப் போனாரா?" என்று கேட்கிறார்கள். ஆபீஸில் உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

குருக்களிடம் விசாரித்தேன். "முடியாதவங்களுக்காகக் கூடப் பொறந்தவரு உருளலாங்க" என்றார்.

நமக்குள் இருக்கும் வரப்புத் தகராறு அப்படியே இருக்கட்டும். நீ இருக்கும் வேங்கிக்கால் ஒன்றும் வெளியூர் இல்லை. நீ உருளக்கூட வேண்டாம். பக்கத்தில் வந்து நின்றால் போதும், சுவரை விட்டுவிடுவேன்.

அண்ணன்