பக்கத்து மாடி நாய்க்கு நான் போட்ட சோறு

அன்பு மகள் நெரெய்தாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் நலம், உன் அப்பாவும் அவருடைய முழங்கால் வலியும் சேர்ந்தே நலம். அங்கே கால்கரியில் பனி கொட்டுகிறதாமே, காதை மூடாமல் வெளியே போகாதே. இங்கே புவேப்லாவிலும் குளிர்தான், ஆனால் நேற்றோடு என் வயிற்றெரிச்சல் அடங்கியது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் பூனை கனேலாவைப் பக்கத்து வீட்டு மெலிதோனின் நாய் கடித்துக் கொன்றதை அப்போதே போனில் சொன்னேன், அவன் பேசியதைச் சொல்லவில்லை. கனேலாவைத் துணியில் சுற்றிக்கொண்டு நான் அவன் வாசலில் போய் நின்றால், பல்லைக் குத்திக்கொண்டே, "என் மாடிக்கு வந்த பூனை என் நாய்க்குத் தீனிம்மா, இன்னும் ரெண்டு இருந்தா அனுப்பி வைங்க" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பிடுங்காமல் சாவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன். உண்மையைச் சொல்கிறேன், முதலில் வாங்கியது எலி மருந்துதான். அதோடு நம் மொட்டை மாடிக்குப் போனபோது, கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் நாய் சுல்தான் சங்கிலியில் கிடந்தபடி காலித் தகரத்தை நக்கிக்கொண்டிருந்தது, விலா எலும்பெல்லாம் வெளியே தெரிந்தது. மாடி நாய்க்குத் தண்ணீரில் நனைத்த காய்ந்த சோள ரொட்டி போதும் என்று இந்தத் தெருவே நினைக்கிறது, மெலிதோன் அதையும் நினைத்தால்தான் போடுவான். கனேலாவைக் கொன்றது அந்தப் பட்டினி. பட்டினி போட்டவனை விட்டுவிட்டு நாயைக் கொல்ல நான் என்ன பைத்தியமா, அவன் இன்னொன்றைக் கொண்டுவந்து கட்டுவான். சோறு போட்டே நாயை அவனிடமிருந்து பிரித்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

மிருக டாக்டரம்மாவிடம் போய் என் நாய் என்று பொய் சொன்னேன். "பட்டினி கிடந்த வயித்துல எடுத்த உடனே கறியக் கொட்டிராதீங்கம்மா, உசுருக்கே ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க" என்றாள். அரிசியும் தோல் உரித்த கோழியும் உப்பில்லாமல் வேகவைத்து, பூசணிக்காய் மசித்துப் போட்டேன், பிறகு முட்டை, துளி ஈரல். வெங்காயம், மிளகாய், வெந்த எலும்பு கிட்டவே வரக்கூடாது. உன் அப்பா, "எனக்கு ஒரு நாளாவது இப்படிப் பார்த்துப் பார்த்து ஆக்கியிருக்கியா" என்று கேட்டார், உங்களை வைத்து யாரையும் பழிவாங்க முடியாதே என்று சொல்லிவிட்டேன். சுல்தான் மேல் எனக்குப் பாசமெல்லாம் இல்லை, கைப்பிடிச் சுவர் தாண்டிச் சட்டியை வைக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வைத்தேன். மழைக்காலம் முடிவதற்குள் அதன் முடி மினுமினுத்தது. மெலிதோனுக்குத் தலைகால் புரியவில்லை. "வெறும் காஞ்ச ரொட்டிதான், எல்லாம் நம்ம கைராசி" என்று தெருவெல்லாம் அளந்தான். நான் வாயை மூடிக்கொண்டு பூசணிக்காய் நறுக்கினேன்.

நேற்று வனத்து அந்தோணியார் திருநாள். ஆடு, கோழி, கிளி எல்லாவற்றையும் அலங்கரித்துக் கோயில் முற்றத்தில் மந்திரிக்கக் கொண்டுவந்தார்கள். மெலிதோனும் சுல்தானுக்குச் சிவப்பு ரிப்பன் கட்டி முன்னால் போய் நின்றான். நான் ஓரமாகத்தான் நின்றேன், கூப்பிடக்கூட இல்லை. நாய் என் வாசனை பிடித்ததும் கயிற்றோடு அவனையும் இழுத்துக்கொண்டு பாய்ந்தது, அவன் தீர்த்த வாளியில் இடறிக் குப்புற விழுந்தான். எழுந்து கயிற்றைப் பிடிக்க வந்தால் அவனைப் பார்த்தே பல்லைக் காட்டியது. பாதிரியார், "சோறு போட்டது யாருன்னு அதுக்குத் தெரியுதுப்பா" என்றதும் முற்றமே சிரித்தது. நானும் சிரித்தேன், அவன் பார்க்கும்படி நன்றாகச் சிரித்தேன். "அந்தச் சனியனை நீயே கட்டிக்கிட்டு அழு" என்று கத்திவிட்டு நனைந்த சட்டையோடு போனான்.

அதற்கு மேல் நான் யோசித்து வைத்திருக்கவில்லை. நாய் என் பின்னாலேயே வந்து, நேராக உன் அறைக்குள் போய், கனேலா படுக்கும் பாயில் படுத்தது. விளக்குமாற்றை ஓங்கினேன். அது ஓடவில்லை, கண்ணை மூடிக்கொண்டு அடிக்குக் காத்திருந்தது. என்னால் முடியவில்லை. மெலிதோனை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைக்காதே, காலையும் மாலையும் இதை அவன் வாசல் வழியாகத்தான் நடத்திக்கொண்டு போகப்போகிறேன்.

குவாதலூபே மாதா உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததை நின்றுகொண்டே தின்னாதே, சுடவைத்து உட்கார்ந்து சாப்பிடு. உன் பூனையைக் கொன்ற வாய்க்கு உன் அம்மா சோறு போடுகிறாள், உனக்குக் கோபம் வரும், வரட்டும். ஆனால் போனில் திட்டாதே, எழுதியும் திட்டாதே. நேரில் வந்து திட்டு.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
எவுலாலியா