சுற்றிவிட்ட எஞ்சின்

மார்ச் 9, 1987
காலையில் மைனஸ் இருபது. கொட்டகை சூடாக ஒரு மணி நேரம். எஞ்சின் மேலிருந்த தார்ப்பாயை இன்று எடுத்தேன். ஏரியில் பனி உடைந்து என் கணவர் ராய்மோ மூழ்கிப்போன அடுத்த வாரம், அவர் விமானத்திலிருந்து நானே இறக்கி, ஒன்பது சிலிண்டரிலும் துருவைத் தடுக்கும் எண்ணெய் அடித்து மூடிவைத்தது. பதினாறு மாதம். ஏரி உருகுவதற்குள் இதை மாட்டினால்தான் அவர் தம்பி எர்க்கிக்கு மீன்பிடி முகாம்களுக்கு ஆள் ஏற்றும் வேலை. இல்லையென்றால் விமானத்தை விற்றுவிட்டுச் சுரங்கத்துக்குப் போவான்.

தார்ப்பாயை எடுத்தால் ஏதாவது தோன்றும் என்று நினைத்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

மார்ச் 10
ஸ்பார்க் பிளக் துளைகளில் மாட்டிய ஈரம் உறிஞ்சும் குப்பிகள். உள்ளிருக்கும் மணிகள் நீலமாக இருக்க வேண்டும். பதினெட்டில் பதினொன்று இளஞ்சிவப்பு; ஈரம் புகுந்திருக்கிறது.

மார்ச் 11
சிறு விளக்கை உள்ளே விட்டுப் பார்த்தேன். மேலே இரண்டு சிலிண்டரில் துரு. எண்ணெய்ப் படலமே இல்லை. தானாக இப்படி ஆகாது. யாரோ எஞ்சினைச் சுற்றிவிட்டிருக்கிறார்கள். யார்?

மார்ச் 12
எர்க்கி காபிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"நான்தான் அண்ணி. ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு வந்து ரெண்டு சுத்து சுத்திவிடுவேன். இறுகிடக் கூடாதுல்ல? அண்ணனோட எஞ்சினாச்சே."

"எண்ணெய் அடிச்சு மூடினதைச் சுத்தினா பிஸ்டன் அதை வழிச்சு எடுத்துடும்டா."

"எனக்குத் தெரியாது அண்ணி. சுத்தாதேன்னு அட்டை கட்டுவீங்களே, இதுல ஏன் கட்டல?"

கட்டவில்லையா நான்?

மார்ச் 13
அட்டை மேஜை இழுப்பறையில் கிடந்தது. என் கையெழுத்துதான். எழுதியிருக்கிறேன், கட்டவில்லை. அன்னிக்கு நான் எங்க இருந்தேன்? இங்கதான் இருந்தேன். அழக்கூட இல்ல, வேலை பார்த்தேன். அதையும் ஒழுங்கா பார்க்கல — ச்சே.

ஏப்ரல் 2
"லேசான துருதானே அண்ணி, ஓட ஓடத் தேஞ்சுடும். பறக்கலாம்னு கையெழுத்துப் போடுங்க."

"மாட்டேன்."

"கையெழுத்துப் போட்டவங்க முதல் தடவை கூடவே ஏறணுமே, அதான் யோசிக்கிறீங்களா?"

அது எங்கள் பக்கத்து வழக்கம்தான். சிலிண்டர் பக்கமே திரும்பிக்கொண்டேன். கதவை அறைந்துவிட்டுப் போனான். வின்னிபெக்குக்குப் போன் செய்து இரண்டு சிலிண்டர் கேட்டேன்.

ஏப்ரல் 24
சிலிண்டர்கள் பஸ்ஸில் வந்துவிட்டன. எர்க்கி வந்து பிடித்துக்கொண்டான், நான் மாட்டினேன்.

மே 6
எஞ்சினை மாட்டியாயிற்று. கீழ்ப் பிளக்குகளைக் கழற்றிவிட்டுப் பழைய எண்ணெயை வெளியேற்ற வேண்டும். எர்க்கி புரொப்பெல்லரைப் பிடித்தபடி நின்றான்.

"இப்பவாவது சுத்தலாமா அண்ணி?"

"சுத்துடா."

சிரித்தான். கறுப்பாக வழிந்தது எண்ணெய், ஒரு வாளி.

மே 11
பனி கரையைவிட்டு விலகுகிறது. மழை.

மே 17
தண்ணீர் திறந்துவிட்டது. நேற்றே தரையில் கட்டிவைத்து ஓட்டிப் பார்த்தோம், குறை ஒன்றும் இல்லை. காலையில் கையெழுத்துப் போட்டேன், ஏறி உட்கார்ந்தேன். விமானத்தின் மிதவைகள் தண்ணீரை விட்டு எழும்பியபோது எர்க்கியின் பிடரியைப் பார்த்தேன். முடி வெட்டியிருந்தான். அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"மெதுவாப் போடா! உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்னடா பண்ணுவேன்?"

கத்திக்கொண்டே அழுதிருக்கிறேன். எஞ்சின் சத்தத்தில் அவனுக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லையாம்.