128 எம்.பி. படையெடுப்பு

12 ஜூலை 2000, புதன்

காலையிலிருந்து தூறல். பெங்களூர் ஒக்கலிபுரமே ஊறவைத்த அவல். ஆபீசுக்கு லீவு. காரணம்: கம்ப்யூட்டருக்கு அறுவைச் சிகிச்சை. டாக்டர்: நானே.

அக்கா மகள் கவிதாவுக்கு (இனி க.) வீட்டிலிருந்தே செய்யும் வேலை ஒன்று வரும் போலிருக்கிறது. அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் கேட்டு டைப் அடிப்பது. திங்கள் மாலை ஐந்துக்குள் பரீட்சைக்கு ஒன்றைப் பிழையில்லாமல் அடித்து அனுப்பினால் வேலை. இல்லையென்றால் இல்லை. கம்பெனி கொடுத்த சி.டி.க்கு 128 எம்.பி. மெமரி வேண்டுமாம். நம் வீட்டு மிஷினில் 32. "மாமா இருக்கேன், ஏன் கவலப்படற?" என்றேன். இந்த வாக்கியத்தை நான் சொல்ல அரசாங்கம் தடை விதிக்க வேண்டும்.

எஸ்.பி. ரோடு, கம்ப்யூட்டர் சாமான் கடை. கடைக்காரர்: "எந்த மதர்போர்டு சார்?" நான்: "நல்ல போர்டு." ஒரு 128 வாங்கினேன். பழையதன் அதே நீளம், அதே பச்சை.

மாலை மாட்டினேன். திரை கறுப்பு. மூன்று பீப்.

13, வியாழன்

மறுபடி லீவு. உடம்பெல்லாம் அசதி. செய்தவை:
கழற்றி மாட்டியது, நாலாயிரம் தடவை (குறைத்துச் சொல்கிறேன்).
மெமரியின் மஞ்சள் பற்களை ரப்பரால் தேய்த்தது.
ஊதியது. இடம் மாற்றியது. கெஞ்சியது.

பழையதும் புதியதும் சேர்ந்தால் பீப். புதியது மட்டும் என்றால் 64 வரை எண்ணிவிட்டு மயக்கம். மீதிப் பாதியை யார் தின்றது? பழையது மட்டும் போட்டால் மிஷின் சமர்த்து, க.வின் புரோகிராம் திறக்காது.

க. நகம் கடிக்கிறாள். திட்டினால் தேவலை.

அக்காதான் தையலை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஏன்டா தொரை, பழசக் கையில எடுத்துட்டுப் போனியா?"

"மனசுல எடுத்துட்டுப் போனேன்க்கா."

"பொடவைய வூட்ல வெச்சிட்டு மேட்சிங் ஜாக்கெட் துணி வாங்கப் போனவன் ஒலகத்துலயே நீ ஒருத்தன்தான்."

15, சனி

(நேற்று டியூட்டி, மழை, முதுகுவலி. எழுத ஒன்றுமில்லை.)

இன்று அக்காவே கிளம்பினாள். மெமரியை மட்டுமல்ல, மிஷினையே போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினாள். என் மடியில். எடை: விதான சௌதா. ஆட்டோக்காரர், "டிவியாம்மா?" என்றார். "பச்சப் புள்ள. பள்ளத்துல வுடாத."

அதே கடை. கடைக்காரர் மூடியைத் திறந்து பார்த்தார். "இது ஹளே போர்டு மேடம், ரொம்பப் பழசு. சார் வாங்கினதுல ஒரு பக்கம்தான் சிப் இருக்கு. இதுக்கு ரெண்டு பக்கமும் இருக்கணும். கேட்டேன். நல்ல போர்டுன்னாரு."

அக்கா என்னைப் பார்த்தாள். எஸ்.பி. ரோடு பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். விழுங்கவில்லை.

வேறொன்றை எடுத்துக் கவரில் போடப் போனார்.

"மாட்டிக் காட்டுப்பா."

"ஒர்க் ஆகும் மேடம், சும்னே எதுக்கு..."

"நூல்கண்டயே வெளிச்சத்துல வெச்சுப் பாக்காம வாங்க மாட்டேன். மாட்டு."

மாட்டினார். பீப். அடுத்தது, பாதி எண்ணிக்கை. அடுத்தது, மறுபடி பீப். அவருக்கும் என் முகம் வந்துவிட்டது. பரணில் இருந்து ஒரு தூசி டப்பா இறங்கியது. நான்காவது: இரண்டு பக்கமும் சிப், பழைய சரக்கு. எண் ஓடியது, ஓடியது, 163840 கே.பி.யில் நின்றது. பழையதும் புதியதும் சேர்ந்து 160 எம்.பி. அக்கா, "ம். இதக் குடு."

17, திங்கள்

க. காலை ஆறரைக்கே உட்கார்ந்தாள். காதில் ஹெட்போன், காலடியில் பேச்சை நிறுத்தி ஓட்டும் பெடல். யாரோ ஒரு அமெரிக்கரின் மூட்டுவலி. அக்கா தையல் மிஷினைத் தொடவில்லை. குக்கருக்குத் தடை. நான் தும்மினேன், அதற்கும் தடை.

நாலே முக்கால்: அனுப்பியாயிற்று. அதற்கு இன்டர்நெட் கிடைக்க நாற்பது யுகம்.

ஐந்தரைக்குப் போன். "எஸ் சார்... ஓகே சார்... தேங்க் யூ சார்." ரிசீவரை வைத்தும் கையை எடுக்கவில்லை.

"இன்னாடி சொன்னாங்க?"

"குடுத்துட்டாங்கம்மா. நாளைலருந்து." அழுதாள், சிரித்தாள். அக்கா அவள் தலையை இழுத்துத் தோளில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து க. மூக்கைத் துடைத்தபடி, "அடுத்த மாசம் புது சி.டி. வருமாம். அதுக்கு 256 வேணுமாம்."

அக்கா என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "தொரை, வாயத் தொறக்காத."

திறக்கவில்லை.