செல்லத்துக்கு வாசித்த பேப்பர்

1967, மாசி. திங்கள்

பனி. குற்றால மலை கண்ணில் படவில்லை. கடையில் ஆணிப்பெட்டி அடுக்கணும். இருமல். எலெக்‌ஷனுக்கு ஒரு வாரம். தென்காசியில் எங்கள் வார்டு என் பொறுப்பு. வீடு வீடாகப் போனதில் ஒன்று புரிந்தது: நம் கட்சியைத் திட்டுகிறவன் பேப்பர் படிக்காதவன். விஷயம் தெரிந்தால் மாறிவிடுவான். கூடவே வந்த கட்சிக்கார ராமையாவும், “சரிதான் அண்ணாச்சி.”

செவ்வாய்

செல்லத்துக்கு எழுத்துத் தெரியாது. கல்யாணமானதிலிருந்து அவள் காய் நறுக்க, நான் பேப்பர் வாசிப்பது வழக்கம். இன்று அரிசிச் செய்தி. முடித்ததும், நிமிராமலே சொல்கிறாள், இந்தத் தடவை எதிர்க்கட்சிக்குத்தான் ஓட்டாம். என் பெண்டாட்டி!

யார் சொல்லிக்கொடுத்தது என்றேன்.

“யாரு சொல்லணும்? நீங்கதான தெனமும் வாசிக்கிய. மழை இல்லாமத்தான் அரிசி இல்லைன்னு வாசிச்சிய. நாங்க இங்கன ரேஷனுக்கு நிக்கையில, செங்கோட்டை வழியா கேரளாவுக்கு அரிசி கடத்துதாவன்னும் வாசிச்சிய. எனக்கு ரெண்டாவதுதான் பெருசாப் படுது.”

எனக்கு முதலாவது. ஒரே பேப்பர்தான்.

புதன்

தலையங்கத்தை நிறுத்தி நிறுத்தி, திரும்பவும் ஒருமுறை வாசித்துக் காட்டினேன். “காது நல்லாத்தான் கேக்குது” என்றாள். மண்ணெண்ணெய் தீர்ந்தது. ரேஷன் அரிசியில் புழு.

வியாழன்

வாசிக்கவில்லை. பேப்பரைக் கடைக்கே எடுத்துப் போய்விட்டேன். அவளும் கேட்கவில்லை.

மதியம் ராமையா: “பேப்பர்ல வந்ததெல்லாம் ரேஷன் வரிசையில பொம்பளையளுக்குச் சொல்லுதாவளாம் ஒங்க வீட்ல. அம்புட்டுப் பேரும் எதிர்க்கட்சிப் பக்கம் சாஞ்சிட்டாவ. அதட்டி வைங்க அண்ணாச்சி. இல்லேன்னா வார்டை வேற ஆள்ட்ட குடுத்துருவேங்காரு நம்ம ஊர்க் கட்சித் தலைவரு.”

வெள்ளைக்காரன் காலத்தில் ஜெயிலுக்குப் போய்ச் சம்பாதித்த பேர் எனக்கு. அது போய்விடுமா?

வெள்ளி

அதட்டத்தான் போனேன். அவள் முந்திக்கொண்டாள்.

“பேப்பரை நிறுத்துனா ஓட்டு மாறிருமா? நீங்க ஜெயிலுக்குப் போனது எனக்குத் தெரியாதா? எல்லாம் தெரிஞ்சுதான் சொல்லுதேன்.”

அழுகை வந்தது. கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன்.

ஓட்டு நாள்

வெயில். சேர்ந்துதான் போனோம். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் கட்சிப் பந்தல். தலைவர், ராமையா, இன்னும் நாலைந்து பேர்.

தலைவர் அவளுக்கும் கேட்கும்படி கேட்டார். “ரெண்டு பேர் ஓட்டும் நமக்குத்தானவே?”

செல்லம் என்னையே பார்த்தாள். ஆமாம் என்றால் வார்டு தங்கும்.

“ஒண்ணுதான்” என்றேன்.

தலைவர் ராமையா பக்கம் திரும்பிக்கொண்டார். செல்லம் முந்தானையைச் செருகிக்கொண்டு பெண்கள் வரிசைக்குப் போனாள்.